காரைக்கால் தந்த முதலமைச்சர்: எம்.ஓ.எச். பாரூக் மரைக்காயர்

நுழையும்முன்

மக்களாட்சியில் பெரிய மாநிலத்தின் குரல் எளிதில் அவை ஏறிவிடும். நிலப்பரப்பில் சிறியதாய், தலைநகரிலிருந்து தொலைவில் அமைந்த ஊரின் குரல் அவை ஏறுவது எளிதன்று. அதனைக் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டும். தம் பதினேழாம் வயதில் தம் ஊரின் கொடி மாறியதைக் கண்டவர் ஒருவர், இருபத்தொன்பதாம் வயதில் முதலமைச்சரானார். மூன்று முறை அப்பொறுப்பை ஏற்ற அவர், பின்னர் மத்திய இணையமைச்சர், தூதர், ஆளுநர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். அவருடைய வாழ்வையும், அவ்வாழ்வின் ஊடாக நம் மக்களாட்சி செயற்படும் முறையையும் இப்பாடத்தில் அறிவோம்.

ஆறுகள் கடல் சேரும் ஊர்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து வங்கக் கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்தது காரைக்கால். ஊரை ஒட்டி அரசலாறு ஓடுகிறது. கிழக்கே கடல், ஏனைய மூன்று புறமும் தமிழ்நாட்டு நிலம். இதன் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். இதன் தலைநகரான புதுச்சேரிக்குச் செல்ல வேண்டுமாயின், சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டின் ஊர்களைக் கடந்தே செல்லல் வேண்டும்.

இவ்வூர் பல சமயத்தாரும் கூடி வாழும் ஊர். காரைக்கால் அம்மையார் பிறந்த மண் இது. அவர் நினைவாக ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. அருகே திருநள்ளாற்றுத் திருக்கோயில் உள்ளது. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரி விழாவில் ஊரே திரளும். பிரெஞ்சுக்காரர் காலத்தை நினைவூட்டும் தேற்றரவு அன்னை ஆலயமும் இங்குண்டு.

கடலோர ஊர்களில் மரக்கலம் செலுத்தி வாணிகம் புரிந்த முசுலிம் மக்கள் மரைக்காயர் எனப்பட்டனர். மரக்கலம் என்னும் சொல்லே இப்பெயருக்கு மூலம் என்பர். நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை முதலிய துறைமுக ஊர்களில் இவர்கள் செழித்து வாழ்ந்தனர். அத்தகைய மரைக்காயர் குடும்பம் ஒன்றில் 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் பாரூக் பிறந்தார்.

அவர் பிறந்தபோது காரைக்கால் பிரெஞ்சு நாட்டின் ஆட்சியில் இருந்தது. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் இவ்வூரைப் பெற்றனர். இடையிடையே போர்க்காலங்களில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினாலும், மீண்டும் மீண்டும் இது பிரெஞ்சுக்காரர் வசமே சென்றது. இவ்வாறு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இவ்வூரின் தலைவிதி கடல்கடந்த பாரிசு நகரில் எழுதப்பட்டது.

கொடி மாறிய நாள்

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் மூவண்ணக் கொடி பறந்தது. இடையில் இருந்த காரைக்காலில் மட்டும் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. ஒரே மொழி பேசி, ஒரே ஆற்றுநீரைப் பாய்ச்சிப் பயிர் செய்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்கள் இரு நாட்டினராய் நின்றனர். வயலின் வரப்பே நாட்டின் எல்லையாயிற்று. அப்போது பாரூக்குக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை.

பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் விடுதலை இயக்கம் வலுப்பெற்றது. தொழிலாளரும் உழவரும் மாணவரும் அதில் இணைந்தனர். மாணவராக இருந்த பாரூக்கும் 1953, 1954ஆம் ஆண்டுகளில் அவ்வியக்கத்தில் ஈடுபட்டார். 1954 சூனில் ஏனாமும், சூலையில் மாகியும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து நீங்கின. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள், புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். சட்டசபையிலும் கொம்யூன் அவைகளிலும் உறுப்பினராக இருந்த 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. காரைக்காலிலும் கொடி மாறியது.

அன்று பாரூக்குக்கு வயது பதினேழு. இப்பாடத்தைப் பயிலும் மாணவரின் வயதை ஒத்த பருவம் அது. அயலார் ஆட்சி அகன்றதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. தம் தெருவில் கண்டு அறிந்தார்.

ஆட்சி கைமாறினாலும் சட்டப்படியான இணைப்பு உடனே நிறைவேறவில்லை. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாளே புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று. 1963 சூலை முதல் நாள் யூனியன் பிரதேசங்களின் அரசுச் சட்டத்தின்கீழ்ப் பேரவையும் அமைச்சரவையும் அமைந்தன. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் ஓர் அரசின்கீழ் வந்தன.

இருபத்தொன்பது வயதில் முதலமைச்சர்

1964ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பேரவைக்குத் தேர்தல் நடைபெற்றது. காங்கிரசுக் கட்சியின் சார்பில் பாரூக் உறுப்பினரானார். அவ்வாண்டே பேரவைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேரவைத் தலைவர் என்பவர் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவே துலாக்கோல் போல் நிற்க வேண்டியவர். அவையின் மரபுகளையும் விதிகளையும் அறிந்து, மூத்த உறுப்பினர்களையும் நெறிப்படுத்தும் அப்பொறுப்பு, இருபதுகளில் இருந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1967 வரை அவர் அதனை வகித்தார்.

1967ஆம் ஆண்டு தமிழக அரசியலில் திருப்புமுனையான ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சில் பேரறிஞர் அண்ணா தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் தமிழகத்தில் ஆட்சி அமைத்தது. அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 9ஆம் நாள், புதுச்சேரியில் காங்கிரசு ஆட்சியின் முதலமைச்சராகப் பாரூக் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. இந்தியாவிலேயே மிக இளம் வயதில் முதலமைச்சரானவர் என்னும் பெயர் அவருக்குக் கிடைத்தது. அயலாட்சியில் பிறந்து பதினேழு வயது வரை வளர்ந்த ஒருவர், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதே மண்ணின் ஆட்சித் தலைவரானார்.

இளமையில் வந்த பதவி நெடுநாள் நிலைக்கவில்லை. பதினொரு மாதங்களே கடந்த நிலையில், 1968 மார்ச்சு 6ஆம் நாள் அவரது அமைச்சரவை முடிவுற்றது. அதன்பின் அமைந்த வெங்கடசுப்பா ரெட்டியார் அமைச்சரவையும் ஆறு மாதங்களில் முடிந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

முப்பது பேர் கொண்ட அவை

அமைச்சரவைகள் ஏன் இவ்வாறு அடுத்தடுத்து வீழ்ந்தன? விடையைப் புதுச்சேரிப் பேரவையின் அளவிலேயே காணலாம். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் முப்பதின்மர் மட்டுமே. பதினாறு பேரின் துணை இருந்தால் ஆட்சி அமையும். அவர்களுள் இருவர் விலகினால் ஆட்சி கவிழும். பெரிய மாநிலத்தில் கட்சி மாறும் ஓரிருவர் குளத்தில் எறிந்த கல்லைப் போன்றவர். புதுச்சேரியிலோ அவர்கள் குவளை நீரில் எறிந்த கல்லைப் போன்றவர். இத்தகைய அவையில் நிலையான ஆட்சியைத் தருவது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாரூக் பின்னர்த் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். 1969இல் நடைபெற்ற தேர்தலில் அக்கழகம் பெரும் வெற்றி பெற்று, இந்தியப் பொதுவுடைமைக் கட்சியுடன் கூட்டணி ஆட்சி அமைத்தது. மார்ச் 17ஆம் நாள் பாரூக் இரண்டாம் முறை முதலமைச்சரானார். தமிழ்நாட்டுக்கு வெளியே திராவிட முன்னேற்றக் கழகம் அமைத்த முதல் ஆட்சி இதுவே.

அவ்வமைச்சரவையில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் வ. சுப்பையா. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டியவர். சிறையும் நாடுகடத்தலும் கண்டவர். 1911இல் பிறந்த அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு, முதலமைச்சருக்கோ முப்பத்தொன்று. விடுதலைப் போரில் தலைமை தாங்கிய முதியவர், அப்போரில் மாணவராய் நின்ற இளைஞரின் தலைமையில் அமைச்சராகப் பணிபுரிந்தார். கொள்கையில் வேறுபட்ட இரு கட்சிகள் ஓர் அரசை நடத்திய அக்கூட்டணி, புதுச்சேரியில் அதுவரை அமைந்த அமைச்சரவைகள் எல்லாவற்றினும் நீண்டகாலம் நிலைத்தது.

ஆயினும், 1972இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிளவுபட்டு, எம்.ஜி.ஆர். தலைமையில் புதிய கட்சி தோன்றியது. அதன் அதிர்வு புதுச்சேரியையும் தாக்கியது. 1974 சனவரி 3ஆம் நாள் பாரூக்கின் இரண்டாம் ஆட்சி முடிவுற்றது. அவருக்குப் பின் முதலமைச்சரான எஸ். இராமசாமியும் காரைக்காலைச் சேர்ந்தவரே. அவரது முதல் ஆட்சி இருபத்திரண்டு நாள்களே நீடித்தது. சிறிய பேரவையின் நிலையாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

யூனியன் பிரதேசங்கள் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ளவை. அவற்றுள் சிலவற்றுக்கே பேரவை உண்டு. புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையும், குடியரசுத் தலைவரால் அமர்த்தப்பெறும் துணைநிலை ஆளுநரும் இணைந்து செயற்படுகின்றனர். மாநில முதலமைச்சருக்குள்ள தன்னுரிமை யூனியன் பிரதேச முதலமைச்சருக்கு முழுமையாக இல்லை. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பேரவையில் வைப்பதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதல் தேவை.

நிறைவுற்ற ஐந்தாண்டுகள்

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டுடன் இணைக்கும் எண்ணம் மத்திய அரசிடம் எழுந்தது. மக்கள் அதனை எதிர்த்துப் போராடினர். போராட்டத்தின் விளைவாக அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டோடு மொழியாலும் உறவாலும் ஒன்றியிருந்தபோதிலும், தம் ஆட்சி தம் கையில் இருக்க வேண்டும் என்பதில் அம்மக்கள் உறுதியாக இருந்தனர். சிறு பகுதி பெரிய மாநிலத்தோடு இணைந்தால் தன் குரலை இழக்குமோ என்னும் அச்சமே அவ்வுறுதிக்குக் காரணம்.

இதற்கிடையில் பாரூக் காங்கிரசுக் கட்சிக்குத் திரும்பினார். காங்கிரசிலிருந்து கழகத்துக்கும், கழகத்திலிருந்து மீண்டும் காங்கிரசுக்கும் அவர் சென்றது விவாதத்துக்கு உரியது. ஒருவரின் வாழ்வை ஆராய்பவர் அவர் எய்திய சிறப்புகளை மட்டுமன்றி, இத்தகைய மாற்றங்களையும் மறைக்காமல் எடைபோட வேண்டும். அக்காலப் புதுச்சேரி அரசியலில் கட்சி மாற்றம் பலரிடமும் காணப்பட்டது. அதனால் ஆட்சிகள் கவிழ்ந்தன. பாரூக்கின் ஆட்சிகளும் நிலைகுலைந்தன. அம்மாற்றத்தால் பயனடைந்தவரும் அவரே, பாதிக்கப்பட்டவரும் அவரே.

1985 மார்ச்சில் காங்கிரசு வெற்றி பெற்றபோது பாரூக் மூன்றாம் முறை முதலமைச்சரானார். அதே மார்ச்சு முதல் நாள், அரசமைப்பின் 52ஆம் திருத்தமாகிய கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் தம் விருப்பப்படி அக்கட்சியை விட்டு நீங்கினால் உறுப்பினர் பதவியை இழப்பார் என்பது அதன் சாரம். முப்பது பேர் கொண்ட அவைக்கு இச்சட்டம் பெரிதும் தேவையானதாக இருந்தது. புதுச்சேரியில் அதற்குமுன் அமைந்த எந்த அமைச்சரவையும் ஐந்தாண்டை நிறைவு செய்ததில்லை. பாரூக்கின் மூன்றாம் ஆட்சி 1990 மார்ச்சு வரை நீடித்து அக்குறையைப் போக்கியது.

கல்வித் துறையில் புதுச்சேரி வளர்ந்த காலம் அது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழிப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1987இல் காரைக்காலில் பண்டித சவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டது. காவிரியின் கடைமடையில் நெல் விளைவிக்கும் ஊருக்கு வேளாண்மைக் கல்லூரி பொருத்தமான கொடையாகும். உயர்கல்விக்காக வெளியூர் சென்ற காரைக்கால் மாணவரின் நிலை மாறி, வெளியூர் மாணவரும் காரைக்காலை நாடி வரும் நிலை தோன்றியது.

நான்கு பகுதிகளுக்கு ஓர் உறுப்பினர்

பேரவையில் முப்பது இடங்களைக் கொண்ட புதுச்சேரிக்கு, மக்களவையில் ஓரிடம் மட்டுமே உண்டு. அந்த ஓர் உறுப்பினர் சோழமண்டலக் கரையிலுள்ள புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும், கேரளக் கரையிலுள்ள மாகிக்கும், ஆந்திரத்தில் கோதாவரியாற்றின் கரையிலுள்ள ஏனாமுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மும்மொழி மக்களும் அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்தியாவின் வேறெந்தத் தொகுதிக்கும் இத்தகைய அமைப்பு இல்லை எனலாம். 1991, 1996, 1999 ஆகிய தேர்தல்களில் பாரூக் இத்தொகுதியில் வென்றார்.

1991இல் அமைந்த பி.வி. நரசிம்ம ராவ் அமைச்சரவையில் விமானப் போக்குவரத்து, சுற்றுலாத் துறைகளின் இணையமைச்சராகப் பணியாற்றினார். இந்தியப் பொருளாதாரம் புதிய பாதையில் அடியெடுத்து வைத்த காலம் அது.

அவர் மக்களவைக்குச் சென்ற ஆண்டில்தான் காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்கால ஆணையை வழங்கியது. தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடும் நீரில் 6 ஆயிரம் மில்லியன் கன அடி காரைக்காலுக்கு உரியது என அவ்வாணை கூறியது. 2007இல் வழங்கப்பட்ட இறுதித் தீர்ப்பு புதுச்சேரியின் பங்கை 7 ஆயிரம் மில்லியன் கன அடியாக வரையறுத்தது. மொத்த நீரோடு ஒப்பிட்டால் இஃது ஒரு கைப்பிடி அளவே. எனினும், கடைமடை உழவருக்கு அந்த ஒரு கைப்பிடியே வாழ்வு. பெரிய மாநிலங்கள் வழக்காடும் மன்றத்தில் சிறிய பகுதியும் தனக்கெனப் பெயர் பெற்று நின்றதால்தான் அப்பங்கு கணக்கில் ஏறியது. சிறு பகுதிக்கும் தனி அரசும் தனி உறுப்பினரும் ஏன் வேண்டும் என்பதை இவ்வொரு செய்தியே விளக்கும்.

தூதரும் ஆளுநரும்

2004இல் பாரூக் சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதராக அமர்த்தப்பெற்றார். கடல்வழி வாணிகத்தால் அரபு நாடுகளோடு நெடுங்காலம் தொடர்பு கொண்ட மரைக்காயர் மரபில் வந்தவருக்கு அப்பொறுப்பு இயல்பாகவே பொருந்தியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டில் உழைத்து வந்தனர். ஆண்டுதோறும் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அசுப் பயணம் மேற்கொண்டனர். உழைப்பவரின் நலனும் பயணிகளின் நலனும் தூதரகத்தின் முதற்கடமைகளாக இருந்தன. அவர் தூதராக இருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவில் சவூதி மன்னர் அப்துல்லா சிறப்பு விருந்தினராகப் பங்கேற்றார். இருநாட்டு உறவில் அவ்வருகை குறிப்பிடத்தக்க திருப்பமாயிற்று.

2010 சனவரியில் சார்க்கண்டு மாநில ஆளுநராகப் பொறுப்பேற்றார். அம்மாநிலமும் நிலையற்ற ஆட்சிகளுக்குப் பெயர்பெற்றது. அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில் அங்கு அமைச்சரவை கவிழ்ந்து, சூன் முதல் செப்டம்பர் வரை குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. அக்காலத்தில் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் ஆளுநரைச் சார்ந்திருந்தது. அமைச்சரவை கவிழ்வதன் வலியை முதலமைச்சராக இருமுறை அறிந்தவர், இப்போது ஆளுநராக நின்று மற்றோர் அமைச்சரவை அமைய வழிவகுத்தார். 2010இன் இறுதியில் அங்கு ஊராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. 2000இல் சார்க்கண்டு தனி மாநிலமான பின் நடைபெற்ற முதல் ஊராட்சித் தேர்தல்கள் அவை.

2011 செப்டம்பரில் கேரள ஆளுநரானார். தாம் முதலமைச்சராகவும் மக்களவை உறுப்பினராகவும் இருந்தபோது தம் பொறுப்பில் இருந்த மாகி, கேரள நிலத்தால் சூழப்பட்ட சிற்றூராகும். அம்மாநிலமே இப்போது அவர் பணியிடமாயிற்று. ஆயினும் அப்பணி நெடுநாள் நீளவில்லை. நோயுற்றுச் சென்னையில் மருத்துவம் பெற்றுவந்த அவர், 2012 சனவரி 26ஆம் நாள் தம் எழுபத்து நான்காம் வயதில் இயற்கை எய்தினார். அன்று இந்தியாவின் குடியரசு நாள்.

நிறைவாக

பாரூக்கின் வாழ்வைத் தோல்வியே அறியாத வெற்றிக் கதையாகக் கருதல் பொருந்தாது. முதல் ஆட்சி பதினொரு மாதங்களில் முடிந்தது. இரண்டாம் ஆட்சியும் முழுக்காலத்தை எட்டவில்லை. மூன்றாம் ஆட்சியை நிறைவு செய்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். இருபத்தொன்பது வயதில் கிட்டியதை முழுமையாக நிறைவேற்ற அவருக்கு மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. பதவி பறிபோன ஒவ்வொரு முறையும் அவர் மக்களிடம் வாக்குக் கேட்டே திரும்பினார். மக்களாட்சியில் வீழ்ந்தவர் எழுவதற்கு அதுவே நேரிய வழி.

பாரிசின் ஆணைக்குக் காத்திருந்த ஒரு சிற்றூர், தன் மகனை அனுப்பிப் பேரவையையும் அமைச்சரவையையும் நடத்தியது. மக்களவையில் தன் பெயரைப் பதித்தது. தொலைவிலுள்ள மாநிலங்களுக்கு ஆளுநரைத் தந்தது. 1954இல் கொடி மாறியபோது காரைக்கால் மக்கள் எதிர்பார்த்த விடுதலையின் பொருள் இதுவே. ஊர் சிறியதாயினும் அதன் குரல் சிறியதன்று என்பதைப் பாரூக் மரைக்காயரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. நும் ஊரிலிருந்து சட்டப்பேரவைக்கோ நாடாளுமன்றத்துக்கோ சென்ற முதல் உறுப்பினரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, ஒருபக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுக.

2. 'சிறிய பேரவையில் நிலையான ஆட்சி அமைவதற்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் மட்டுமே போதுமானது' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. இந்திய நிலப்படத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள மாநிலத்தையும் அங்குப் பேசப்படும் மொழியையும் அட்டவணைப்படுத்துக.